ஹாங்காங் கைமாற்றத்தின் தேர்தல் விவாதம்: படிப்பதும் எழுதுவதும் எப்படி?

1997 ஜூலை 1-ஆம் தேதி ஹாங்காங்கின் இறையாண்மை பிரிட்டனிடமிருந்து சீனாவுக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளில் அங்கே தேர்தலைப் பற்றி நடந்த விவாதத்தைக் கட்டுரையாக எழுதவோ, வகுப்பில் நடத்தவோ, மேடையில் பேசவோ முனைபவர்களுக்கு இந்த வழிகாட்டி பயன்படும். இந்தப் பொருளில் கை வைப்பவர்களில் பலர், "பிரிட்டன் ஜனநாயகம் தந்தது, சீனா பறித்தது" என்றோ, "கிளம்பும் நேரத்தில் பிரிட்டன் குழப்பம் விளைவித்தது, சீனா சரிசெய்தது" என்றோ ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் நின்று எழுதினாலும் அந்த ஊரில் வாழ்ந்த மக்கள் அந்த வரியில் இடம்பெறுவதில்லை. அவர்களை விவாதத்தின் நடுவே நிறுத்திப் பார்க்க வேண்டுமானால், ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். வாக்காளர் யார்? எத்தனை பேர்? எந்த ஆண்டிலிருந்து? அதை முடிவு செய்தது யார்?

தொடங்கும் முன் ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். காலனி ஆட்சியின் முடிவு என்றதும் நமக்கு 1946 டிசம்பரிலேயே டெல்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபை நினைவுக்கு வரும். ஆட்சி கைமாறும் முன்பே நாட்டின் சார்பில் பேச ஓர் அவை இருந்தது. ஹாங்காங்கில் அப்படி எதுவும் இல்லை, இருக்கவும் விடவில்லை. 1972-இல் ஐ.நா.வின் காலனிப் பட்டியலிலிருந்து ஹாங்காங்கையும், போர்ச்சுகல் வசமிருந்த மக்காவ் நகரையும் நீக்கும்படி சீனா கோரியது, அவ்வாண்டே ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது. அதோடு, காலனி மக்களுக்கு உள்ள சுயநிர்ணய உரிமை என்ற வாசல் ஹாங்காங் மக்களுக்கு அடைபட்டது. ஹாங்காங் தீவு 1842-லும் கவுலூன் 1860-லும் பிரிட்டனுக்கு நிரந்தரமாகக் கொடுக்கப்பட்டவை. 1898-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட புதிய பிரதேசங்களின் தவணைதான் 1997-இல் முடிந்தது. குத்தகை நிலம் இல்லாமல் மற்ற இரண்டும் பிழைக்க முடியாது என்பதால் முழுவதும் பேச்சுவார்த்தைக்கு வந்தது. அந்த மேசையில் இருந்தவை லண்டனும் பெய்ஜிங்கும் மட்டுமே.

ஆவணங்களை வரிசைப்படுத்துங்கள்

ஒரு தாளை எடுத்து, இடப்பக்கம் ஆண்டையும் வலப்பக்கம் அந்த ஆண்டின் ஆவணம் தேர்தலைப் பற்றிச் சொன்ன வாக்கியத்தையும் எழுதுங்கள். சுருக்கி எழுதாதீர்கள்; வாக்கியத்தை முழுவதுமாக எழுதுங்கள். இந்த விவாதத்தில் சண்டை பெரும்பாலும் ஒரு சொல்லின் இருப்பையும் இல்லாமையையும் வைத்தே நடந்தது என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும்.

முதல் வரியில் 1984 டிசம்பர் 19 வர வேண்டும். அன்று மார்கரெட் தாட்சரும் சீனப் பிரதமர் சாவோ ஸியாங்கும் பெய்ஜிங்கில் கையெழுத்திட்ட கூட்டுப் பிரகடனத்தின் முதல் இணைப்பு, ஹாங்காங்கின் சட்டமன்றம் "தேர்தல் மூலம் அமைக்கப்படும்" என்று சொல்கிறது. "நேரடி" என்ற சொல் ஆங்கில மூலத்திலும் இல்லை, சீன மூலத்திலும் இல்லை. ஆளுநருக்குப் பதிலாக 1997-க்குப் பின் ஆட்சியை நடத்தப்போகும் தலைமை நிர்வாகியைப் பற்றிய வாக்கியம் இன்னும் கவனத்துக்குரியது: உள்ளூரில் நடக்கும் "தேர்தல் அல்லது கலந்தாலோசனை" மூலம் அவர் தெரிவு செய்யப்பட்டு, சீன மத்திய அரசால் நியமிக்கப்படுவார். அந்த "அல்லது" என்ற ஒரே சொல்லுக்குள் இரு வேறு அரசியல் முறைகள் அடங்கியிருக்கின்றன. அதே இணைப்பு, நிர்வாகம் சட்டமன்றத்துக்குப் பொறுப்புடையது என்றும் சொல்கிறது. பிரிட்டிஷ் மரபில் வளர்ந்தவர் அந்த வரியைப் படித்தால், அரசைக் கேள்வி கேட்டுக் கட்டுப்படுத்தும் அவையை நினைத்துக்கொள்வார். பெய்ஜிங் படித்த பொருள் அதைவிட மிகக் குறுகியது.

கூட்டுப் பிரகடனத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1984 நவம்பரில், ஹாங்காங் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஹாங்காங் மக்களின் கருத்துகளை அதிகாரத்தோடு பிரதிநிதித்துவம் செய்யும் ஆட்சிமுறையைப் படிப்படியாக வளர்ப்பதே நோக்கம் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சட்டமன்றத்தின் 24 இடங்களுக்கு மறைமுகத் தேர்தல் நடந்தது. 1843 முதல் இருந்துவந்த அந்த அவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் அமர்வது அதுவே முதல் முறை. இந்த 142 ஆண்டு இடைவெளியை உங்கள் தாளில் தடித்த எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் சீனத் தரப்பு எழுப்பிய மிக வலுவான கேள்வி இதிலிருந்தே பிறந்தது.

தேர்தல் முடிந்து இரண்டே மாதத்தில், 1985 நவம்பரில், ஹாங்காங்கில் சீனாவின் அதிகாரபூர்வமற்ற தூதரகம் போலவே செயல்பட்ட, சீன அரசுச் செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவின் கிளையின் தலைவர் சூ ஜியாதுன், சிலர் "ஏட்டில் உள்ளபடி நடக்கவில்லை" என்று செய்தியாளர்களிடம் சொன்னார். ஏடு என்று அவர் குறித்தது கூட்டுப் பிரகடனத்தை. தேர்தல் சீர்திருத்தம் எதுவானாலும் 1997-க்குப் பிறகு ஹாங்காங்குக்கு அரசியலமைப்பாக இருக்கும்படி இனி எழுதப்படப்போகும் அடிப்படைச் சட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கோட்பாடு அங்கிருந்து வலுப்பெற்றது. இதை "ஒருங்கிசைவு" என்பார்கள். கேட்பதற்கு இனிமையான இந்தச் சொல்லைக் காணும் இடமெல்லாம், யாருடைய அளவோடு யார் இசைய வேண்டியிருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

1990 ஏப்ரல் 4-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட அடிப்படைச் சட்டத்திலிருந்து 45, 68 ஆகிய இரு பிரிவுகளை எழுதிக்கொண்டால் போதும். அனைவருக்கும் வாக்குரிமை என்பது "இறுதி இலக்கு" என்று அவை சொல்கின்றன. "உண்மை நிலைமைக்கு ஏற்ப", "படிப்படியாகவும் ஒழுங்காகவும்" என்ற நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்கின்றன. அந்தச் சட்டத்தை வரைந்த குழுவின் 59 பேரில் ஹாங்காங்கைச் சேர்ந்தவர்கள் 23 பேர் மட்டுமே. அவர்களில் நேரடித் தேர்தலுக்காக உரத்துக் குரல் கொடுத்த மார்ட்டின் லீயும் செட்டோ வாவும், பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கிய 1989 ஜூன் நிகழ்வுகளுக்குப் பிறகு குழுவில் இல்லை.

இடங்களை எண்ணாதீர்கள், வாக்காளர்களை எண்ணுங்கள்

இந்த விவாதத்தைப் படிப்பவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான். 1991, 1995, 1998 தேர்தல்களின் இடப் பட்டியலை வைத்துப் பார்த்தால் மூன்று அவைகளும் 60 பேர் கொண்டவை. 1995, 1998 இரண்டிலும் நேரடித் தேர்தலுக்கு 20, தொழில்சார் தொகுதிகளுக்கு 30, தேர்தல் குழுவுக்கு 10 என்று பிரிவினைகூட ஒன்றுதான். எதுவும் மாறவில்லை போலத் தோன்றும். மாறியதெல்லாம் அந்த 30-க்குள்ளும் 10-க்குள்ளும்தான்.

தொழில்சார் தொகுதி என்பது ஊரை வைத்துப் பிரிக்காமல் தொழிலை வைத்துப் பிரித்த தொகுதி. மருத்துவர்களுக்கு ஓர் இடம், வழக்கறிஞர்களுக்கு ஓர் இடம், ஆசிரியர்களுக்கு ஓர் இடம் என்பதோடு நின்றிருந்தால் அது தனி விவாதம். தொழில் துறைக்கும் வணிகத்துக்கும் உரிய தொகுதிகளில் வாக்களித்தவை நிறுவனங்கள். ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். 1991-இல் அதன் உரிமையாளரின் நிறுவனம் உற்பத்தியாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், அந்த நிறுவனத்துக்கு ஒரு வாக்கு உண்டு. தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுவதும் குனிந்திருக்கும் பெண்ணுக்குத் தொழிலின் பெயரால் வாக்கு இல்லை.

1992 ஜூலையில் ஆளுநராக வந்த கிறிஸ் பேட்டன் தொட்டது இந்த இடத்தைத்தான். அந்த அக்டோபர் 7-ஆம் தேதி உரையில், அடிப்படைச் சட்டம் குறித்த எண்களில் எதையும் மாற்றாமல், எண்களுக்குள் இருந்த மனிதர்களை மாற்ற முன்மொழிந்தார். ஏற்கெனவே இருந்த 21 தொழில்சார் தொகுதிகளோடு சேர்க்க வேண்டிய 9 புதிய தொகுதிகள், வேலை செய்யும் மக்கள்தொகை முழுவதையும், அதாவது சுமார் 27 லட்சம் பேரை, உள்ளடக்கும்படி வகுக்கப்பட்டன. நிறுவன வாக்கு தனிநபர் வாக்காயிற்று. 10 இடங்களுக்கான தேர்தல் குழு, மக்கள் தேர்ந்தெடுத்த மாவட்டக் குழு உறுப்பினர்களைக் கொண்டு அமைய வேண்டும் என்றார். வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கினார். நேரடித் தேர்தலில் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்றார். 1995-இல் அந்தத் தையல் பெண்ணுக்கு வசிக்கும் பகுதிக்காக ஒன்றும், நெசவு, ஆடைத் தொழிலுக்காக ஒன்றுமாக இரண்டு வாக்குகள் கிடைத்தன.

இங்கே எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1995-இல் தொழில்சார் தொகுதிகளில் பதிவு செய்த வாக்காளர்கள் 10 லட்சத்துக்கும் மேல். 1998-இல் அவர்கள் 1.5 லட்சத்துக்கும் கீழே போனார்கள். அதே 30 இடங்கள். ஓர் ஆட்சி மாற்றத்தில் மக்களின் கையிலிருந்து போனது என்ன என்பதை இந்த இரு எண்களைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கட்டுரையிலும் இவை தவறக் கூடாது.

மக்கள் கருத்து எப்படி எண்ணப்பட்டது என்று பாருங்கள்

"மக்கள் நிலைத்தன்மையையே விரும்பினார்கள், தேர்தலை விரும்பவில்லை" என்ற வாதம் இரு அரசுகளின் தரப்பிலும் அடிக்கடி வரும். அதை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன்னால் 1987-ஐ நிதானமாகப் படிக்க வேண்டும்.

1988-இல் நேரடித் தேர்தல் வேண்டுமா என்பதே அன்றைய கேள்வி. 1986 நவம்பரில் ஹுங் ஹாம் பகுதியிலுள்ள கோ ஷான் அரங்கில் ஜனநாயக ஆதரவாளர்கள் பெரிய கூட்டம் நடத்தி அதைக் கோரியிருந்தார்கள். அரசு 1987-இல் மக்கள் கருத்தைக் கேட்கும் ஒரு பச்சை அறிக்கை வெளியிட்டு, கருத்துகளைத் தொகுக்கத் தனி அலுவலகம் ஒன்றையும் அமைத்தது. ஆனால் "1988-இல் நேரடித் தேர்தல் வேண்டுமா, வேண்டாமா" என்று பச்சை அறிக்கை நேராகக் கேட்கவில்லை. பல தெரிவுகளைப் பிணைத்து, சாதாரண வாசகர் ஒன்றுக்கு இரண்டு முறை படிக்க வேண்டிய விதத்தில் கேட்டது. நேரடித் தேர்தலுக்கு ஆதரவாக 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்தக் கையெழுத்து இயக்கங்களைத் தனியாகப் பட்டியலிட்ட அலுவலகம், அவற்றைத் தனிநபர் மனுக்களோடு சேர்த்து எண்ணவில்லை. எதிர்ப்பாளர்கள் அச்சிட்டு விநியோகித்த ஒரே மாதிரிக் கடிதங்களோ தனித்தனி மனுக்களாக எண்ணப்பட்டன. 1988 பிப்ரவரியில் வந்த வெள்ளை அறிக்கை, கருத்து பிளவுபட்டிருக்கிறது என்று சொல்லி, நேரடித் தேர்தலை 1991-க்குத் தள்ளி, 10 இடங்களை மட்டும் ஒதுக்கியது.

இந்தப் பகுதியை எழுதும்போது கோபம் வரும், வரட்டும். ஆனால் கோபத்தை அடைமொழிகளில் கொட்டாமல், எண்ணிய முறையை அப்படியே விவரியுங்கள். கேள்வி எப்படி அமைந்தது, எது ஒன்றாக எண்ணப்பட்டது, எது ஒதுக்கி வைக்கப்பட்டது என்று சொல்லிவிட்டாலே படிப்பவருக்கு விளங்கிவிடும். இது பெய்ஜிங் செய்ததல்ல, பிரிட்டிஷ் நிர்வாகம் செய்தது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

1989 வசந்தத்தில் லட்சக்கணக்கானோர் ஹாங்காங் தெருக்களில் இறங்கினார்கள். அவ்வாண்டே சட்டமன்ற, நிர்வாக அவை உறுப்பினர்கள் ஒருமித்து, 1997-க்குள் பாதி இடங்களும் 2003-க்குள் எல்லா இடங்களும் நேரடித் தேர்தலுக்கு வர வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்தது 1991-இல் 18 இடங்கள். அந்த 18-இல் 12 இடங்களை மார்ட்டின் லீயின் ஐக்கிய ஜனநாயகவாதிகள் கட்சி மட்டுமே வென்றது. வாக்களித்தவர்கள் பத்தில் நான்கு பேருக்கும் சற்றுக் குறைவு. தேர்தலை எதிர்ப்பவர்கள் காட்டும் எண் இது. ஆர்வம் இல்லை என்பதற்கு அதைச் சான்றாக வைப்பவர்களிடம், 60-இல் 18-க்கு மட்டும் வாக்களிக்க அழைக்கப்பட்டவர் எவ்வளவு ஆர்வம் காட்டியிருக்க வேண்டும் என்று கேட்கலாம்.

எதிர்த் தரப்பின் மிகச் சிறந்த வாதத்தை முதலில் எழுதுங்கள்

வலுக்குறைந்த வாதத்தை எடுத்து வைத்து வீழ்த்துவது எளிது; அதனால் பயனில்லை. சீனத் தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான்: நூற்றைம்பது ஆண்டுகள் ஆளுநரை லண்டனிலிருந்து அனுப்பிய ஆட்சிக்கு, கிளம்ப ஐந்தாண்டு இருக்கும்போது ஜனநாயகம் நினைவுக்கு வருவானேன்? இதற்கு ஒரு சட்ட முனையும் உண்டு. 1990 தொடக்கத்தில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்டும் சீன வெளியுறவு அமைச்சர் சியான் சிச்சனும் பரிமாறிக்கொண்ட ஏழு கடிதங்களில் இரு நாடுகளும் ஒரு புரிந்துணர்வுக்கு வந்திருந்தன என்றும், பேட்டன் அதை மீறினார் என்றும் பெய்ஜிங் வாதிட்டது. இறுதி உடன்பாடு எதுவும் ஏற்படவில்லை என்றது லண்டன். கடிதங்கள் 1992 அக்டோபரில் வெளியாயின. ஏழையும் நீங்களே படித்து முடிவுக்கு வருவது நல்லது.

பேட்டனுக்கு எதிரான மிகக் கூர்மையான வாதத்தை வைத்தவர், பெய்ஜிங்கில் பிரிட்டிஷ் தூதராக இருந்து கூட்டுப் பிரகடனப் பேச்சுகளை நடத்திய பெர்சி கிராடக். 1997-ஐத் தாண்டி நிலைக்கக்கூடிய குறைவான ஜனநாயகம், அன்றே கலைக்கப்படப்போகும் அதிக ஜனநாயகத்தைவிட மக்களுக்கு நன்மை தரும் என்பது அவர் நிலை. 1998-இன் எண்களைப் பார்த்த பிறகு இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

இருந்தாலும் என் மனம் மறுபக்கமே சாய்கிறது. காலனி ஆட்சி தாமதித்தது என்பது அந்த ஆட்சியின் குற்றம். அதற்கான தண்டனையை வாக்குரிமை இழந்து மக்கள் அனுபவிக்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது. 1993 மார்ச்சில் சீனத் தரப்பின் ஹாங்காங் விவகாரப் பொறுப்பாளர் லூ பிங், பேட்டனை "ஆயிரமாண்டுக்கும் பாவி" என்று சாடினார். எதிர்கால ஜனநாயக வளர்ச்சி முழுக்க ஹாங்காங்கின் தன்னாட்சிக்கு உட்பட்டது, மத்திய அரசு தலையிடாது என்றும் அதே மாதம் அவர் சொன்னதாகச் செய்தி வந்தது. இந்த இரு கூற்றுகளையும் ஒரே பத்தியில் வைத்து எழுதுங்கள். பிரித்து எழுதினால் வாசகருக்குப் பாதி உண்மைதான் போய்ச் சேரும்.

வண்டி எங்கே நின்றது என்று தேடுங்கள்

1995-இல் தேர்வாகும் அவை 1997 நள்ளிரவைத் தாண்டி 1999 வரை தொடரும் என்ற ஏற்பாட்டை ஹாங்காங்கில் "நேர்வண்டி" என்றார்கள். எல்லையில் இறங்கி வேறு வண்டி ஏறத் தேவையில்லை என்ற பொருளில். இரு அரசுகளும் 1993 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை பதினேழு சுற்றுகள் பேசியும் உடன்பாடு காணவில்லை.

பிறகு நடந்ததை நாள்கணக்கில் எழுதுங்கள், ஏனெனில் இங்கே எதுவும் முன்கூட்டியே முடிவானதல்ல. 1994 ஜூன் 29-இல் தொடங்கி மறுநாளுக்கும் நீண்ட அமர்வில், பேட்டனின் திட்டத்தைச் சுருக்க லிபரல் கட்சி கொண்டுவந்த திருத்தம் ஒரே வாக்கில் தோற்றது. 60 இடங்களுக்கும் நேரடித் தேர்தல் வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர் எமிலி லாவ் கொண்டுவந்த மசோதாவும் ஒரே வாக்கில் தோற்றது. ஒரே அமர்வில், இரு திசைகளிலும், ஒவ்வொரு வாக்கு. ஹாங்காங் மக்கள் பிரதிநிதிகள் தாங்களாகவே முடிவெடுக்க வாய்த்த மிகச் சில தருணங்களில் ஒன்று அது. பல நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துபோகின்றன, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 31 அன்று, 1995-இல் தேர்வாகவிருக்கும் அவை 1997 ஜூன் 30-ஓடு முடியும் என்று சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸின் நிலைக்குழு தீர்மானித்தது. 1996 மார்ச்சில், கைமாற்றத்துக்காகப் பெய்ஜிங் அமைத்த ஆயத்தக் குழு ஒரு தற்காலிகச் சட்டமன்றத்தை அமைக்க வாக்களித்தபோது எதிர்த்தவர் ஃபிரடெரிக் ஃபங் ஒருவர் மட்டுமே. அவ்வாண்டு டிசம்பரில் 400 பேர் கொண்ட தெரிவுக் குழு, 320 வாக்குகளால் துங் சீ ஹ்வாவைத் தலைமை நிர்வாகியாகத் தேர்ந்தது. பத்து நாள் கழித்து எல்லைக்கு அப்பால் ஷென்ஜெனில் கூடி 60 சட்டமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தது. அவர்களில் 33 பேர் அன்றைய சட்டமன்றத்திலும் உறுப்பினர்கள். 1995-இல் மக்களிடம் தோற்றவர்கள் சிலரும் அதில் இருந்தார்கள். 1997-இன் முதல் பாதியில் ஒரே ஊருக்கு இரண்டு சட்டமன்றங்கள்: ஒன்று மக்கள் வாக்கில் அமர்ந்து ஹாங்காங்கில் கூடியது, மற்றது 400 பேர் வாக்கில் அமர்ந்து ஷென்ஜெனில் கூடியது.

ஒப்பீடு தேவைப்பட்டால் மக்காவ் நகரை எடுங்கள். 1996-இல் அங்கே தேர்வான உறுப்பினர்கள் 1999 டிசம்பர் கைமாற்றத்தைத் தாண்டிப் பதவியில் தொடர்ந்தார்கள். நேர்வண்டி அங்கே ஓடியது. ஆனால் 23 பேர் கொண்ட அந்த அவையில் நேரடியாகத் தேர்வானவர்கள் 8 பேர். கிராடக்கின் வாதத்துக்கு இது சான்றா, அல்லது பயணிகள் குறைவாக இருந்ததால்தான் வண்டியை நிறுத்தவில்லையா என்ற கேள்வியை வகுப்பில் விவாதத்துக்கு விடலாம்.

எழுதும்போது சொற்களில் கவனம்

இந்த நிகழ்வைச் சீனாவில் "தாயகம் திரும்புதல்" என்பார்கள். பிரிட்டிஷார் "ஒப்படைப்பு" என்பார்கள். இரண்டுமே பக்கச் சார்பு கொண்ட சொற்கள் என்பதால், தமிழில் "இறையாண்மைக் கைமாற்றம்" என்று எழுதுவதே பொருத்தம். "ஜனநாயகம் வழங்கினார்" என்ற தொடரையும் நான் தவிர்ப்பேன், பேட்டனைப் பற்றி எழுதும்போதுகூட. கோ ஷான் அரங்கில் திரண்டவர்களும், எண்ணப்படாத 2 லட்சம் கையெழுத்துகளுக்கு உரியவர்களும் அவர் வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே அதைக் கேட்டிருந்தார்கள்.

கட்டுரையை 1997 நள்ளிரவில், சட்டமன்றக் கட்டடத்தின் மாடத்தில் நின்று மார்ட்டின் லீ பேசிய காட்சியோடு முடிக்கத் தோன்றும். அங்கே முடிக்காமல் 1998 மே 24 வரை கொண்டுபோங்கள். அன்று நடந்த தேர்தலில் வாக்களித்தவர்கள் 53 சதவீதம். 1995-இல் நேரடித் தேர்தலில் அது 36 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. தொழில்சார் வாக்காளர் பட்டியலிலிருந்து லட்சக்கணக்கான பெயர்கள் நீங்கிய பிறகு நடந்த முதல் தேர்தல் அது. மீதமிருந்த 20 நேரடி இடங்களுக்காக அன்று அத்தனை பேர் வாக்குச் சாவடிக்கு வந்தார்கள்.